மருந்தடிக்காத நான்கு வரிசைகள்

லிமா
14 ஜனவரி 2013

அன்புள்ள மக்தோனியா அக்காவுக்கு,

உன் தம்பி நில்வர் எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், இருமல் போய்விட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய். உன் முதுகுவலி எப்படி? இதெல்சோ மச்சானும் குட்டி யெசெனியாவும் சுகம்தானே?

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் தெற்கே காப்பித் துரு நோய் மலைமலையாக மொட்டையடித்துவிட்டுப் போனது. இந்த வருடம் நம் பக்கம் வராமல் இருக்காது. ஆய்வகத்தில் ஒரு வருடமாக நான் மல்லுக்கட்டுவது இதோடுதான். ஓடையோரம் மண்டிக் கிடக்கிறதே குதிரைவால் செடி, அதையும் பூண்டையும் சேர்த்துக் கொதிக்கவைத்த சாற்றைக் கண்ணாடித் தட்டில் துருவின் வித்துகள் மேல் ஒரு சொட்டு விட்டேன். மறுநாள் பார்த்தால் முக்கால்வாசி சுருங்கிச் செத்துக் கிடந்தன! என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் டாக்டரம்மா மட்டும் அசையவில்லை. "தட்டுல எதுவும் வேலை செய்யும் நில்வர். மலையில செய்யுதுன்னு காட்டு, பட்டம் உனக்கு" என்றார்.

அந்த மலை உன் தோட்டம்தான், அக்கா. இரண்டு கிலோ குதிரைவால், கால் கிலோ பூண்டு, இருபது லிட்டர் தண்ணீர். ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். ஆறியதும் வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கம் நனைய அடி.

ஒன்றே ஒன்று தவறக்கூடாது. நடுவில் நான்கு வரிசைக்கு எதுவுமே அடிக்காதே. துரு வந்தாலும் அடிக்காதே, இலை கொட்டினாலும் அடிக்காதே. அதற்குச் சாட்சி வரிசை என்று பெயர். அடித்ததிலும் அடிக்காததிலும் புள்ளி விழுந்த இலையை எண்ணி எழுது. அடித்தது பிழைத்தது என்று நான் சொன்னால், அடிக்காதது என்ன ஆனது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகஸ்ட் 16 அன்று தேர்வில் ஐந்து பேர் முன்னால் நின்று நான் பதில் சொல்லவேண்டும்.

செல்சோவின் லாரியில் பதில் கொடுத்துவிடு. சிக்னலுக்காகக் குன்றின்மேல் ஏறி போனில் கத்தாதே. உன் பின்னால் வரிசையில் நிற்கிற பத்துப் பேரும் கேட்கிறார்கள்.

உன் தம்பி
நில்வர்

லா பால்மிட்டா, சான் இக்னாசியோ
9 பிப்ரவரி

பிரியமுள்ள தம்பிக்கு,

கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம், மூக்கைத் தவிர. வீடு முழுக்க உன் கஷாய நாற்றம். உன் மச்சான் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்து, "மக்தோனியா, இது சூப்பா, இல்ல பிசாசுக்கு விருந்தா?" என்றார். "உனக்குத்தான்யா, குடி" என்று அகப்பையை நீட்டினேன். ஓடியவர் சாயங்காலம்தான் வந்தார்.

சொன்ன அளவில் கொதிக்கவைத்து, இரண்டு முறை அடித்துவிட்டேன். தெளிப்பானின் வார் தோளை அறுக்கிறது. இலைக்கு அடியில் அடிக்கவேண்டுமானால் குனிந்துகொண்டே நடக்கவேண்டும். முதுகு எப்படி என்று கேட்டாயே, இப்படித்தான்.

நீ சொன்ன நான்கு வரிசைக்கும் சிவப்பு நாடா கட்டியாகிவிட்டது. போகவர அதுதான் கண்ணில் படுகிறது. போன செவ்வாய்க்கிழமை அதில் இரண்டு இலையில் மஞ்சள் புள்ளி பார்த்தேன். நீ பிறந்தபோது அம்மாவுக்குப் பால் பத்தாமல் நான்தான் ஊர் முழுக்க ஆட்டுப்பாலுக்கு அலைந்தேன். 'இவனுக்கு மட்டும் கொடுக்காமல் விட்டு என்ன ஆகிறதென்று பார்ப்போம்' என்று யாராவது சொல்லியிருந்தால் இன்று எனக்குக் கடிதம் எழுத ஆளிருக்காது. சும்மா சொன்னேன்.

புள்ளி எண்ணிய தாள் உள்ளே இருக்கிறது. வறுத்த சோளம் ஒரு பை அனுப்பியிருக்கிறேன், அறைக்காரப் பையன்களுக்கும் கொடு.

அக்கா
மக்தோனியா

லிமா
27 பிப்ரவரி

அக்கா,

நான் நலம். சோளம் பஸ் ஆபீசிலிருந்து அறைக்கு வருவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது, நான்தான் தின்றேன். உன் தோளுக்குப் பழைய துணியை மடித்து வாருக்கு அடியில் வைத்துக்கொள்.

தாள் வந்தது. அழகாக எண்ணியிருக்கிறாய். ஆனால் அடித்த வரிசைகளுக்கு மட்டும்தான் எண்ணிக்கை இருக்கிறது. சாட்சி வரிசை எங்கே? அது இல்லாமல் மற்றதற்கு மதிப்பே இல்லை. செடிக்குப் பத்து இலை, பத்துச் செடி, ஆக நூறு இலை. அதில் எத்தனை இலையில் புள்ளி என்று எழுது, போதும்.

என்னோடு தொடங்கிய இரண்டு பேர் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். ஆய்வகத்தில் இப்போது நானும் சுவர்க்கடிகாரமும்தான். தூக்கமே சரியில்லை. சீக்கிரம் எழுது.

நில்வர்

லா பால்மிட்டா
6 ஏப்ரல்

அன்புள்ள தம்பி,

தாமதத்துக்குக் கோபிக்காதே. மழையில் சாலை சரிந்து செல்சோ மூன்று வாரம் மேலே வரவில்லை. யெசெனியாவுக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உனக்குத் தூக்கம் வராவிட்டால் படுக்கும்முன் எலுமிச்சம்புல் போட்டுக் குடி.

நீ கேட்டது: அடித்த வரிசைகளில் நூற்றுக்கு மூன்று, பிறகு நான்கு, பிறகு மூன்று. சாட்சி வரிசையில் இருபது, பிறகு முப்பது, பிறகு நாற்பது. போதுமா?

ஆர்த்திதோரோ வந்திருந்தார். கீழே ஆற்றோரமாக இருக்கிற அவர் தோட்டத்தில் துரு நன்றாகவே இறங்கிவிட்டது. இலையைத் தொட்டால் கையெல்லாம் மஞ்சள் மாவு. நம் யெசெனியாவின் ஞானத்தகப்பன், அந்த முறையில் எனக்குக் கொம்பாத்ரே, ஒரு நாளும் வாய்விட்டு எதுவும் கேட்காத மனிதர். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "கொமாத்ரே, உங்க தோட்டம் பச்சப்பசேல்னு நிக்குது, என்னுது மஞ்சக்குளிச்சு நிக்குது. தம்பியோட கஷாயத்த எனக்கும் சொல்லித் தருவீங்களா?" என்றார். "அவன்கிட்ட கேட்டுச் சொல்றேன் கொம்பாத்ரே" என்று அனுப்பிவைத்தேன்.

கொடுக்கலாமா, வேண்டாமா? நீயே சொல். நான் என் வாயால் சொல்லமாட்டேன்.

மக்தோனியா

லிமா
21 ஏப்ரல்

அக்கா! அக்கா!

எல்லோரும் சுகமாக இருங்கள், நூறு வயது இருங்கள்! உன் எண்களைக் கோடாகப் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரு கோடு தரையோடு தரையாகப் போகிறது, மற்றொன்று ஏணி வைத்ததுபோல் ஏறுகிறது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "உங்க அக்கா எண்ணுறது அளந்து வச்ச மாதிரி பத்துப் பத்தா ஏறுதே" என்று சிரித்தார். "மலைக்காரங்க அப்படித்தான் எண்ணுவாங்க டாக்டரம்மா" என்றேன்.

ஆர்த்திதோரோவுக்குக் கட்டாயம் கொடு. ஒரு நிபந்தனை: மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறாரே, அதை நிறுத்தவேண்டும். இரண்டையும் அடித்தால் எது காப்பாற்றியது என்று சொல்லமுடியாது. அவருக்குச் சாட்சி வரிசை வேண்டாம், உன்னுடையதே போதும். இரண்டு தோட்டத்தில் ஜெயித்தால் அடுத்த வருடம் நம் காப்பிக் கூட்டுறவின் முப்பத்தொரு குடும்பமும் இதைத்தான் அடிப்பார்கள். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அவருக்குப் படிக்க வராதே, மச்சானை உரக்கப் படித்துக் காட்டச் சொல்.

இனிப் புள்ளி எண்ணி முதுகை ஒடித்துக்கொள்ளாதே. மிச்சத்தை ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்.

நில்வர்

லா பால்மிட்டா
5 மே

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியாயிற்று. ஆர்த்திதோரோ அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மயில்துத்தத்தை நிறுத்திவிட்டார்.

உன் மச்சான் ஒன்று கேட்கிறார். நம் தோட்டம் மேலே குளிரில் இருப்பதால்தான் துரு குறைவோ, கஷாயம் அடிக்காவிட்டாலும் இப்படித்தான் இருக்குமோ என்கிறார். நீ படித்தவன், நீ சொல்.

பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டோம். கை ஓயவில்லை.

மக்தோனியா

லிமா
17 ஜூன்

அக்காவுக்கு,

உடம்பு எல்லோருக்கும் சரியாக இருக்கிறதா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. செல்சோவின் லாரி ஓடுகிறதென்று பஸ் ஆபீசில் சொல்கிறார்கள். பிறகு ஏன்?

இங்கே வானம் சாம்பல் பூசிக்கொண்டுவிட்டது. துணி காயமாட்டேன் என்கிறது, மனமும் அப்படித்தான். நீ கடைசியாக எழுதியதில் என்னைப் பற்றி ஒரு கேலிகூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

தேர்வுக் குழு சாட்சி வரிசையின் இலைகளைப் பார்க்கவேண்டும் என்கிறது. முப்பது இலை, செய்தித்தாளில் பரப்பி, மேலே கனமாக எதையாவது வைத்து அழுத்தி அனுப்பு. முப்பது இலைதான் அக்கா. ஆர்த்திதோரோவின் தோட்டம் எப்படி இருக்கிறதென்றும் ஒரு வரி எழுது.

நில்வர்

லா பால்மிட்டா
2 ஜூலை

அன்புள்ள நில்வர்,

எல்லோரும் இருக்கிறோம். உன் மச்சானுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். யெசெனியா கூடத்தில் நின்று ஒரு பாட்டை முழுதாகப் பாடினாள். சேவல் ஒன்றை நரி தூக்கிக்கொண்டு போனது.

நீ கேட்ட முப்பது இலை இதோடு வருகிறது. பார்த்துக்கொள். ஆர்த்திதோரோ வேலையாக இருக்கிறார்.

உடம்பைக் கவனி.

மக்தோனியா

லிமா
15 ஜூலை

அக்கா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

இலைக் கட்டைப் பிரித்ததும் அறை முழுக்கப் பூண்டு வாசம். தாளில் ஏதோ பட்டிருக்கும் என்று நினைத்தேன். லென்ஸுக்கு அடியில் வைத்தேன். இலைக்கு அடியில் துரு அடைஅடையாக இருக்கிறது. அந்தத் துருவைச் சுற்றி, மேலே, கீழே எங்கு பார்த்தாலும் காய்ந்த சோப்புப் படலம். ஒருமுறை அடித்ததல்ல, பல முறை அடித்து அடுக்கடுக்காகக் காய்ந்தது.

இது எதுவுமே அடிக்காத செடியின் இலை என்று அனுப்பியிருக்கிறாய். என் கஷாயத்தில் குளித்த இலை இது, அக்கா. குளித்தும் துரு தின்றிருக்கிறது.

இது யார் தோட்டத்து இலை? உன் நான்கு வரிசையில் என்ன நடந்தது? சுற்றி வளைக்காதே. ஆகஸ்ட் 16க்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

நில்வர்

லா பால்மிட்டா
24 ஜூலை

தம்பி,

செல்சோ லாரியைக் கிளப்பாமல் வாசலில் நிற்கிறான். 'எழுதிக் கொடுத்தால்தான் போவேன்' என்று நான்தான் நிறுத்தியிருக்கிறேன். இல்லாவிட்டால் இன்றும் எழுதமாட்டேன்.

சாட்சி வரிசை என்று ஒன்று என் தோட்டத்தில் இருந்ததே இல்லை. அந்த இரண்டு மஞ்சள் புள்ளியைப் பார்த்த மறுநாளே நான்கு வரிசைக்கும் அடித்துவிட்டேன். தெளிப்பான் முதுகில் இருக்கிறது, மருந்து மீதி இருக்கிறது, செடி கண்ணுக்கு முன்னால் நோயோடு நிற்கிறது. எப்படியடா தாண்டிப் போவது? அந்த நான்கு வரிசைக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. 'இந்த ஒரு தடவைதான்' என்று அடித்தேன். அடுத்த தடவையும் அடித்தேன்.

எழுதவும் கூச்சமாக இருந்தது. நீயோ எண்ணிக்கை கேட்டுக்கொண்டே இருந்தாய். அடுப்பங்கரையில் உட்கார்ந்து, என்ன எழுதினால் நீ சந்தோஷப்படுவாய் என்று யோசித்து இருபது, முப்பது, நாற்பது என்று எழுதினேன். உண்மையில் மொத்தத் தோட்டத்திலும் நூற்றுக்கு மூன்று நான்குதான். உன் மச்சான் சொன்னதுபோல மேலே குளிர்தான் காப்பாற்றியதோ என்னவோ. அதற்கு நீ பதிலே எழுதவில்லை.

இலை ஆர்த்திதோரோவின் தோட்டத்து இலை. வேறெங்கும் அவ்வளவு துரு கிடைக்கவில்லை. அவருக்குத் தெரியாமல்தான் பறித்தேன். பத்து வாரமாக, நீ சொன்ன பத்து நாள் கணக்குத் தவறாமல் உன் கஷாயம் அடிக்கிறார். பாதித் தோட்டம் குச்சியாக நிற்கிறது, பழம் பழுக்காமலே கறுத்துத் தொங்குகிறது. மயில்துத்தம் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஊரே சொல்கிறது. அவரோ ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கொமாத்ரே, தம்பிகிட்ட ஒண்ணு கேளுங்க, நான்தான் பூண்டு கம்மியா போடறேனோ?" என்றார்.

அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. நீ அடி, திட்டு, எதுவும் செய். ஆனால் அந்த மனிதருக்கு என்ன சொல்வதென்று சொல்லிவிடு.

மக்தோனியா

லிமா
12 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. முதல் இரண்டு நாள் உன்மேல் அவ்வளவு கோபம். நாலு பக்கம் எழுதிக் கிழித்தேன். அதில் எழுதியதை நீ படிக்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாம் நாள் சுவரில் ஒட்டியிருந்த, கோடு போட்ட தாளைக் கழற்றினேன். அப்போது ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டியிருந்தது. இருபது, முப்பது, நாற்பது. இலை எண்ணுகிற யாருக்கும் அப்படி வராது என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா சிரித்தபோது மலைக்காரர்கள் என்று சொல்லி மழுப்பியதும் நான்தான். மச்சான் குளிரைப் பற்றிக் கேட்டதும் சரியான கேள்வி. பதில் தெரிந்துதான் எழுதாமல் விட்டேன். எனக்கு அந்த எண்கள் வேண்டியிருந்தன, அக்கா. நீ கொடுத்தாய், நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். மயில்துத்தத்தை நிறுத்தச் சொன்னது நீயல்ல, நான். என் கையெழுத்தில் ஒரு தாள் அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தேர்வு இல்லை. டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "அந்த விவசாயி பேர் என்ன?" என்று கேட்டார். என்னைப் பற்றிக் கேட்கவில்லை, பட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆர்த்திதோரோ என்றேன், ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கு என்றார். குதிரைவாலில் ஏதோ இருக்கிறது, அது பொய்யில்லை. ஆனால் கண்ணாடித் தட்டில் மழை பெய்வதில்லை.

ஆர்த்திதோரோவுக்கு எழுதிய கடிதத்தை இதோடு ஒட்டாமல் வைத்திருக்கிறேன். அதில் என் தவறை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். உன்னுடையதை நீதான் சொல்லவேண்டும். மச்சானை அனுப்பாதே, நீ போ.

இப்போது கேட்கிறேன்: முதுகுவலி எப்படி இருக்கிறது?

நில்வர்

லா பால்மிட்டா
22 செப்டம்பர்

அன்புள்ள தம்பி நில்வருக்கு,

முதுகு ஒடிந்துதான் கிடக்கிறது, ஏன் என்று சொல்கிறேன். உன் மச்சானும் மகளும் சுகம்.

உன் கடிதம் கிடைத்த அன்றே போனேன். ஆர்த்திதோரோ களத்தில் கறுத்த பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தேன், பிறகு நான் செய்ததைச் சொன்னேன். நாடா, எண்ணிக்கை, திருடிய இலை, ஒன்று விடவில்லை. கத்துவார் என்று காத்திருந்தேன். ஞானத்தகப்பன் உறவில் வாய்ச்சண்டை கூடாது என்பது உனக்குத் தெரியுமே. அவர் சட்டைப்பையிலிருந்து உன் பழைய கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தால் தொப்பியைத் தொடுவார், வாயைத் திறக்கமாட்டார். கூட்டுறவுக் கூட்டத்தில் நானே எழுந்து எல்லோருக்கும் சொன்னேன். "ஏம்மா, லிமாவுல படிச்சவன் கஷாயம்னு பீத்திக்கிட்டியே" என்று ஒருத்தி சிரித்தாள். சிரிக்கட்டும். அந்தப் பேச்சுக்கெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. யெசெனியா, "ஞானப்பா ஏன்மா நம்ம வீட்டுக்கு வர்றதில்ல?" என்று கேட்டதுதான் வலித்தது.

போன வாரம் அவர் தோட்டத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். மறுபடி துளிர்த்துக் காய்க்க இரண்டு மூன்று வருடமாகும். நேற்று விடிந்ததும் நானும் உன் மச்சானும் ரம்பத்தோடு போய் நின்றோம். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆளுக்கொரு வரிசை பிடித்து அறுத்தோம். மதியத்துக்குள் மலைச்சரிவு முழுக்க மொட்டைக் கட்டையாகிவிட்டது. இடையில் சோளமும் அவரைக்கொடியும் போடப்போகிறாராம், அதையும் உன் மச்சான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் நான் கொண்டுபோன மரவள்ளிக்கிழங்கையும் அவரையையும் ஒரு வாழையிலையில் வைத்து அவர் பக்கத்தில் வைத்தேன். தொடமாட்டார் என்றே நினைத்தேன். ரம்பத்தைத் துடைத்துக் கீழே வைத்தார். பிறகு எடுத்துச் சாப்பிட்டார். பாதி சாப்பிட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலேயே, "உப்பு கம்மி, கொமாத்ரே" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது, தம்பி. எங்காவது மறைந்து நின்று அழலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் ஒரு காப்பிச் செடிகூட இல்லை.

டிசம்பரில் வா.

அக்கா
மக்தோனியா